கொசஸ்தலைக் கரைப் பெண்ணுக்குக் கடலில் என்ன வேலை?

ஊரின் உண்மையான கருத்து கல்யாணப் பந்தியில்தான் வெளியே வரும். கனகம்மாசத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம். சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவே பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாக ஓடிக்கொண்டிருந்த பேச்சு, எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் மேல் போய் நின்றது. சிவில் முடித்தவள். மேற்கொண்டு கடற்கரைப் பொறியியல் படிக்கப் போகிறாள் என்று அவள் அம்மா வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

"கடலே இல்லாத ஊர்ல பொறந்துட்டுக் கடல் படிப்பு எதுக்கும்மா?" என்றார் ஒருவர். "படகுல ஆம்பளைங்களோட நாள்கணக்கா போகணுமாமே" என்றார் இன்னொருவர். "எப்படியும் கல்யாணத்துக்கு அப்புறம் விட்டுடப் போறா. அந்த சீட்டு ஒரு பையனுக்குப் போனா ஒரு குடும்பம் பொழைக்கும்" என்றார் மூன்றாமவர், மிகுந்த சமூக அக்கறையோடு. நான்காவதாக ஒரு கேள்வியும் வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அந்தப் பெண் பாயசம் வரும்வரை காத்திருக்காமல் இலையை மடித்துவிட்டு எழுந்துபோனாள்.

சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. பெண்ணைப் படிக்க வைத்தவர்கள்தான், விசைத்தறி ஓட்டிக் கல்லூரிக் கட்டணம் கட்டியவர்களும் அதில் உண்டு. அதனால்தான் இந்தக் கருத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. முரடர்கள் சொன்னால் விட்டுவிடலாம், நல்லவர்கள் சொல்லும்போது பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள்.

முதலில் "கடலே இல்லாத ஊர்" என்ற கதை. நம் திருத்தணி வட்டம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது? திருவள்ளூர். அதே மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில்தான் பழவேற்காடும் காட்டுப்பள்ளியும் இருக்கின்றன. மலைக்கோயிலின் 365 படியேறி முருகனைக் கும்பிடுகிறவனும், பழவேற்காட்டு ஏரியில் இறால் வலை வீசுகிறவனும் மனு கொடுப்பது ஒரே கலெக்டர் ஆபீசில். நாம் கடலோர மாவட்டத்துக்காரர்கள். ஆந்திர எல்லை பக்கத்தில் இருப்பதால் கடல் ஒன்று இருப்பதே நமக்கு மறந்துபோய்விட்டது.

வரைபடம் வேண்டாம், ஆற்றைப் பாருங்கள். காவேரிப்பாக்கம் ஏரியின் உபரிநீர் ஒரு பக்கமும், ஆந்திரத்திலிருந்து நகரி ஆறு ஒரு பக்கமும், திருத்தணியை ஒட்டி நந்தி ஆறு ஒரு பக்கமும் வந்து சேர்ந்து, கொசஸ்தலை நம் பகுதியைத் தாண்டிப் பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. அங்கிருந்து தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைக் கடந்து எண்ணூர் கழிமுகத்தில் கடலைத் தொடுகிறது. ஆந்திரத்தில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் நமக்கு வெள்ள எச்சரிக்கை வருகிறது. நம்மிடமிருந்து போன தண்ணீரைப் பூண்டியில் திறந்தால் மணலி புதுநகரில் வீட்டுக்குள் தண்ணீர் நிற்கிறது. 2021 நவம்பரில் நின்றது. அந்தத் தண்ணீர் கடலுக்குள் போவதும் போகாமல் ஊருக்குள் திரும்புவதும் எண்ணூர் முகத்துவாரத்தில் எவ்வளவு மணல் மேடிட்டிருக்கிறது, அன்றைக்கு ஓதம் ஏறுகிறதா வடிகிறதா என்பதைப் பொறுத்தது. அதைக் கணக்கிடுவதுதான் கடற்கரைப் பொறியியல்.

தண்ணீரை விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது மணல். கடற்கரை என்பது கடல் செய்த பொருள் அல்ல. பெரும்பாலும் ஆறு கொண்டுபோய்க் கொடுத்த மணலைக் கடல் எடுத்துப் பரப்பி வைத்திருக்கிறது. நாம் ஆற்றில் அணை கட்டுகிறோம், மணல் அணைக்குப் பின்னால் தங்கிவிடுகிறது. மிச்சத்தை லாரியில் ஏற்றுகிறோம். கடலுக்குப் போக வேண்டியது திருவள்ளூர் மாவட்டத்து வீடுகளின் கான்கிரீட்டில் இருக்கிறது, என் வீடு உட்பட. கரைக்கு வர வேண்டிய வரவு நின்றுபோனால், அலை எடுத்துக்கொண்டு போகிற செலவு மட்டும் நிற்குமா?

சென்னைக் கரையோரம் மணல் ஆண்டில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. மீனவர்கள் அந்த நீரோட்டத்தைத் தெண்டி என்பார்கள், எதிர்த்திசையில் வருவதை வன்னி என்பார்கள். 1870களில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் கல் சுவர் போடத் தொடங்கினார்கள். 1881 புயல் அதை உடைத்தது, மறுபடி கட்டினார்கள். வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் சுவருக்குத் தெற்கே முட்டி நின்றது. நாம் சுண்டல் தின்கிற மெரினாவின் அகலத்தில் பெரும்பங்கு அப்படிச் சேர்ந்தது. சுவருக்கு வடக்கே ராயபுரம் பக்கம் மணல் வரவில்லை, கரை கரைந்தது. ஒரு சுவர் ஒருவருக்குக் கடற்கரையைக் கொடுத்து இன்னொருவர் வீட்டை எடுத்துக்கொண்டது. பிறகு வடசென்னையில் கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகள் போட்டார்கள். ஒரு தூண்டில் வளைவு தனக்குத் தெற்கே மணலைப் பிடித்து வைத்தால் வடக்கே இருக்கிற ஊர் அதற்கான விலையைக் கொடுக்கும். அங்கே இன்னொன்று போட்டால் அதற்கும் வடக்கே.

ராயபுரத்தில் ஆண்டுக்கு 6.6 மீட்டர் அளவில் கரை அரித்தது என்ற கணக்கை எடுத்தவர்கள் யார் தெரியுமா? கடற்கரையில் உட்கார்ந்திருந்தவர்கள் அல்ல. நம் பூண்டிக்காரர்கள். மேயர் சத்தியமூர்த்தி முனைந்து தொடங்கிய அணை, அவர் 1943இல் மறைந்த பிறகு 1944இல் முடிந்தது. அதே 1944இல் அணையை ஒட்டியே பொதுப்பணித் துறையின் நீரியல் ஆய்வு நிலையமும் வந்தது. ஆறுகளையும் அணைகளையும் சின்ன அளவில் கட்டி, தண்ணீர் விட்டுப் பார்க்கிற இடம். அந்த நிலையம் 1978 முதல் தமிழகக் கரையோரத்தில் பல இடங்களில் கரை முன்னே வருகிறதா பின்னே போகிறதா என்று அளந்துவருகிறது. கடல் கண்ணுக்கே தெரியாத ஊரில், நாம் ஞாயிற்றுக்கிழமை மீன் வறுவல் சாப்பிடப் போகும் அணைக்குப் பக்கத்தில், கடலைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். "கடல் இல்லாத ஊர்ல கடல் படிப்பு எதுக்கு" என்று கேட்டவர் அந்த வறுவலை என்னைவிட அதிகம் சாப்பிட்டவர்.

இங்கே இன்னொன்றையும் நினைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. நமக்கு அடுத்த ஊர் திருவாலங்காடு. அங்கே நிலைபெற்ற காரைக்கால் அம்மையார் துறைமுக ஊரில் பிறந்தவர். கணவன் கப்பலேறிப் போனான், போன இடத்தில் இன்னொரு கல்யாணமும் செய்துகொண்டான். அவர் தன் வழியைப் பார்த்துக்கொண்டு கடலோரத்திலிருந்து இந்தக் காட்டுக்கு வந்தார் என்பது நாம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. கடலோரத்துப் பெண் ஒருத்தி அன்றைக்கு இங்கே வந்ததைக் கும்பிடுகிறோம். இங்கிருந்து ஒருத்தி கடலோரம் போனால் மட்டும் வழி தூரமாகிவிடுகிறதா? சத்திரத்தின் பெயரிலேயே ஒரு கனகம்மா இருக்கிறாள் என்பதையும் பந்தியில் யாரும் யோசிக்கவில்லை.

இரண்டாவது வாதம்: படகு, ராத்திரி, ஆம்பளைகள். இதைச் சொல்கிறவர்களுக்கு இந்த வேலை என்னவென்றே தெரியாது என்பதுதான் முதல் பதில். கடற்கரைப் பொறியியலில் பெரும்பகுதி கணக்கு. அலையின் உயரத்தையும் திசையையும் மிதவைக் கருவி பதிவுசெய்யும். கரைக்கோட்டை செயற்கைக்கோள் படம் காட்டும். ஒரு கல் தடுப்பில் எத்தனை டன் கல் வேண்டும், எந்தச் சாய்வில் அடுக்க வேண்டும் என்பதைச் சோதனைத் தொட்டியிலும் கணினியிலும் பார்ப்பார்கள். 1990 முதல் 2016 வரையான படங்களை வைத்துச் சென்னையில் உள்ள தேசிய கடற்கரை ஆராய்ச்சி மையம் 2018இல் வெளியிட்ட அறிக்கை, இந்தியக் கடற்கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிக்கப்படுகிறது, தமிழ்நாட்டில் 41 சதவீதம் என்று சொன்னது. அதைக் கண்டுபிடிக்க யாரும் கல் தூக்கவில்லை.

ஆனால் அந்தப் பதிலோடு நிறுத்திக்கொண்டால் நான் ஏமாற்றுகிறேன் என்று ஆகும். களத்துக்குப் போகாமல் நல்ல கடற்கரைப் பொறியாளர் ஆக முடியாது. படகில் போகத்தான் வேண்டும், மார்பளவு தண்ணீரில் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்கத்தான் வேண்டும். சரி, போகட்டும். பெண்களால் ஆகாதா? பாம்பன், சின்னப்பாலம் பக்கம் பெண்கள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாசி எடுக்கக் கடலுக்குள் மூழ்குகிறார்கள். நேற்று தொடங்கிய வழக்கமில்லை, தாய் செய்ததை மகள் செய்கிறாள். அவர்களில் லட்சுமி மூர்த்தி என்பவருக்கு, தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரப்படும் சீகாலஜி பரிசு 2015இல் கிடைத்தது. அதே 2015 ஜூனில் வங்கக் கடலில் இஞ்சின் பழுதாகித் தத்தளித்த துர்க்கம்மா என்ற ஆந்திர மீன்பிடிப் படகிலிருந்து 7 பேரை, கொந்தளிப்புக்கு நடுவே தன் கப்பலுக்கு ஏற்றியவர் கேப்டன் ராதிகா மேனன். சர்வதேசக் கடல்சார் அமைப்பின் வீரதீர விருதைப் பெற்ற முதல் பெண் அவர். நம் எல்லைக்கு அந்தப் பக்கத்து மீனவர்கள் காப்பாற்றப்பட்டபோது, கயிற்றைப் போட்டது யார் என்று அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள்.

பெண்ணைப் படகில் ஏற்றாமல் வைத்திருந்ததற்கு உலகத்திலேயே பெரிய உதாரணம் மேரி தார்ப். அமெரிக்காவில் 1950களில் அட்லாண்டிக் கடலடியை வரைபடமாக்கியவர். கப்பலில் ஏறப் பெண்களுக்கு அனுமதி இல்லாததால் ஆண்கள் கொண்டுவந்த ஆழக் கணக்குகளை மேசையில் வைத்து வரைந்தார். கடலடி மலைத்தொடரின் நடுவில் ஒரு பிளவு ஓடுவதைக் கண்டுபிடித்தார். கூட வேலை செய்தவரே அதைப் பெண்பிள்ளைப் பேச்சு என்று முதலில் தள்ளினார். பின்னால் கண்டங்கள் நகர்வதைப் புரிந்துகொள்ள அந்தப் பிளவுதான் பெரிய ஆதாரமாக நின்றது. கப்பலில் அவர் ஏறியது 1960களின் கடைசியில். நம் நாடும் சளைத்ததில்லை. 1983இல் வந்த ஆராய்ச்சிக் கப்பலுக்கு 'சாகர் கன்யா' என்று பெயர் வைத்தோம். கப்பல் மட்டும் கன்னியாக இருந்தால் போதுமென்று எல்லாரும் நினைக்காதது நல்லகாலம். அதே ஆண்டு கிளம்பிய இந்திய அண்டார்டிகா பயணத்தில் கடலியல் அறிஞர் அதிதி பந்தும் நிலவியல் அறிஞர் சுதீப்தா சென்குப்தாவும் போனார்கள்.

படகில் பெண்ணுக்கு உண்மையிலேயே ஒரு தொல்லை உண்டு. அதை யாரும் பந்தியில் சொல்லவில்லை, ஏனென்றால் சொல்லக் கூச்சம். ஒதுங்க இடம் இல்லை. காலை ஐந்து மணிக்குப் படகேறி மாலையில் இறங்குகிற நாளில் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். இதற்கு என்ன செய்ய வேண்டும்? பெண்ணை வீட்டில் வைப்பதா, படகில் ஒரு தடுப்பு அடைப்பதா? அலையின் விசையைக் கணக்கிட்டு டன் கணக்கில் கல்லை நிறுத்தத் தெரிந்த துறைக்கு ஒரு கழிவறையை வடிவமைக்கத் தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை.

மூன்றாவது வாதம்தான் எனக்குக் கோபம் வரவழைப்பது. "படிச்சாலும் விட்டுடுவா." இதைச் சொல்லி முடித்த கையோடு, அவள் விடும்படியான எல்லா ஏற்பாட்டையும் செய்துவைப்பார்கள். கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940இல் சேர்ந்த லலிதா சிறுவயதிலேயே கணவனை இழந்தவர், கையில் பெண்குழந்தை. அவரையடுத்து தெரேசியாவும் லீலாம்மா ஜார்ஜும் சிவில் படிக்கச் சேர்ந்தார்கள். சான்றிதழில் 'அவன்' என்று அச்சிட்டிருந்ததை அடித்து 'அவள்' என்று திருத்த வேண்டியிருந்தது. அவர்கள் விட்டுவிட்டார்களா? லலிதா மின்பொறியாளராக வாழ்நாளெல்லாம் வேலை செய்தார். தெரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். பூண்டி அணை கட்டி முடிந்த காலத்திலேயே பெண்கள் சிவில் படித்து வெளியே வந்துவிட்டார்கள், நாம் இன்னும் பந்தியில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

1993இல் தொடங்கிய, சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தைப் பாருங்கள். லட்சத்தீவில் கவரத்தியில் 2005இல் ஒரு நாளைக்கு 1 லட்சம் லிட்டர் குடிநீர் தரும் நிலையத்தை அமைத்தார்கள். சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து குளிர்ந்த நீரைக் குழாயில் இழுக்க வேண்டும். மேற்பரப்பின் வெதுவெதுப்பான நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, அந்த ஆவியைக் குளிர்நீரால் நல்ல தண்ணீராக்க வேண்டும். அந்தத் தொழில்நுட்பக் குழுவை நடத்தியவர்களில் முக்கியமானவர் பூர்ணிமா ஜலிஹால். அந்தத் தீவில் தண்ணீர் குடிக்கிறவர்களிடம் போய் "பெண் எஞ்சினியருக்குப் போன சீட்டு வீண்" என்று சொல்லிப் பார்க்கலாம்.

இருந்தாலும் பலர் விடுகிறார்கள் என்பது உண்மை. கடற்கரை நிலவியல், பொறியியல் துறைகளைப் பற்றி 2018இல் ஒரு சர்வதேச ஆய்வு வந்தது. பல நாட்டினர் 314 பேர் பதில் சொன்ன கருத்தாய்வும், சங்கங்கள், ஆய்விதழ்கள், மாநாடுகள் பற்றிய கணக்கும் சேர்ந்தது. துறையில் பெண்கள் 30 சதவீதம், ஆய்விதழ்களின் ஆசிரியர் குழுக்களில் 15 சதவீதம், மாநாடு நடத்துகிறவர்களில் 18 சதவீதம். கீழ்ப்படியில் இருக்கிறவர்கள் மேல்படிக்கு வருவதற்குள் பாதியாகிவிடுகிறார்கள். திறமை மேலே போகப் போகக் குறையும் என்று யாராவது நிரூபித்தால் நான் எழுதுவதை நிறுத்திவிடுகிறேன்.

நம் ஊரில் விடுவதற்குக் காரணம் இன்னும் எளிது. இத்துறையில் புதிதாகச் சேர்கிறவர்களில் பலருக்குக் கிடைப்பது திட்ட உதவியாளர் வேலை. ஆண்டுக்கொரு முறை ஒப்பந்தம், திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. இங்கே பந்தியில் பேசியவர்களோடு நான் ஒத்துப்போகிறேன்: வேலை நிலையில்லை என்று பெற்றவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பயம் பையனுக்கும் பொருந்தும். பெண்ணுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று வருகிறது: கருத்தரித்த ஆண்டில் ஒப்பந்தம் நீளாமல் போவது. 2017இல் பேறுகால விடுப்பு 26 வாரமானது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் பேறுகாலச் சலுகையை மறுக்கக்கூடாது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் ஒரு பெண் மருத்துவர் வழக்கில் தீர்ப்பளித்தது. சட்டம் இருக்கிறது. அதைக் கேட்டால் அடுத்த ஒப்பந்தம் வராதோ என்ற பயமும் இருக்கிறது. இரண்டாவதை ஒழிக்காமல் "விட்டுடுவா" என்று ஜோசியம் சொல்வது, நாற்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இந்த மண்ணில் பயிர் வராது என்பதுபோல.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2021இல் வந்தது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் 2022இல் வந்தது. கல்லூரி வாசல்வரை கொண்டுவிடும் ஏற்பாடுகள் இவை, நல்லவைதான். வாசலுக்கு அப்புறம் இருக்கிற முப்பது ஆண்டுகளுக்கு ஏற்பாடு எங்கே?

"பொண்ணு இல்லேன்னா பையன் செய்யட்டுமே, யார் செய்தால் என்ன, சுவர் நின்றால் சரி" என்று ஒரு நியாயமான கேள்வி வரும். சுவர் நின்றால் மட்டும் போதாது என்பதே என் வாதத்தின் மையம். 2004 சுனாமிக்குப் பிறகு ஆக்ஸ்பாம் அமைப்பு எடுத்த கணக்கில், கடலூர் மாவட்டத்தில் 146 ஆண்கள் இறந்தார்கள் என்றால் பெண்கள் 391 பேர் இறந்திருந்தார்கள். அலை ஆள் பார்த்து அடிக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பெண்கள் கரையில் மீனுக்குக் காத்திருந்தார்கள், வீட்டில் பிள்ளைகளோடு இருந்தார்கள். நீந்தத் தெரியாது, புடவை காலைச் சுற்றியது, இடுப்பில் குழந்தை. கடற்கரையில் எந்த நேரத்தில் எந்த இடத்தில் பெண்கள் நிற்பார்கள் என்று தெரியாதவர் வரையும் எச்சரிக்கைத் திட்டத்தில் அவர்கள் நிற்கும் இடம் விடுபட்டுப்போகும்.

தடுப்புச்சுவரும் அப்படித்தான். கரையை ஒட்டிக் கருங்கல் கொட்டுவதற்கு வரைபடம் போடுகிறார்கள். அலைக்கு எதிராக அது சரியான வரைபடமாகவே இருக்கலாம். ஆனால் கல் விழுகிற இடம் கருவாடு காயவைக்கும் மணல். காயவைப்பவர்கள் பெண்கள். படகு வைக்க இடமில்லையென்றால் ஆண்கள் கூட்டம் போட்டுக் கத்துவார்கள், அது கோப்பில் ஏறும். கருவாட்டு மணல் போனால் எந்தக் கோப்பிலும் ஏறாது, ஏனென்றால் அளவெடுக்க வந்த குழு அங்கே யாரிடமும் பேசியிருக்காது. பெண் பொறியாளர் என்பதாலேயே ஒருத்தி கருணையோடு வரைந்துவிடுவாள் என்று நான் சொல்லவில்லை. குழுவில் பெண் இருந்தால் கூடையைத் தலையில் வைத்திருக்கும் ஆயா பக்கத்தில் வந்து நின்று, "இது என்னம்மா அளவு?" என்று கேட்பாள். அந்தக் கேள்வியே ஒரு தரவு.

இனி அந்த நான்காவது கேள்வி. மோர் ஊற்றும்போது ஒரு மாமா கேட்டார்: "எல்லாம் சரி, கடலு, கப்பல்னு போற பொண்ணுக்கு எவன்யா மாப்பிள்ளை வருவான்?" பந்தி முழுவதும் சிரித்தது. அவருடைய சொந்த மருமகன் வளைகுடாப் பக்கம் நடுக்கடல் எண்ணெய் மேடையில் வேலை பார்க்கிறவர். மாதக்கணக்கில் அங்கே, பிறகு கொஞ்ச நாள் இங்கே. கப்பல்மேல் வேலை என்று சொல்லித்தான் நாற்பது சவரன் பேசி முடித்தார்கள்.